அம்மப்பாட ரெக்கோட் பிளேயர்: விக்கிறதா, திருத்துறதா, சும்மா வச்சிருக்கிறதா?

போன கிழமையும் எங்கட திருகோணமலை உவர்மலையில இருந்து ஒரு தம்பி ஃபோன் எடுத்தார். "அண்ணா, வீட்ட இடிச்சுக் கட்டப்போறம், ஸ்டோர் ரூமுக்குள்ள அப்பப்பாட பழைய ரெக்கோட் பிளேயர் ஒண்டு கிடக்கு, ஒன்லைன்ல பாத்தா இதெல்லாம் லட்சக்கணக்கில போகுதாம், வித்துத் தருவீங்களா?" ஃபோட்டோ அனுப்பச் சொன்னன், அனுப்பினார். லட்சம் போற சாமான் இல்ல. ஆனா வில்லுங்க எண்டு சொல்லவும் வாய் வரல்ல, வச்சிருங்க எண்டு சொல்லவும் வரல்ல, ஏனெண்டா அவர் கேட்டது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு கேள்வி, அது ரெண்டும் அவருக்கே பிரிஞ்சு தெரியல்ல. வருசத்துக்கு ஏழெட்டுப் பேராவது இதையே கேக்கிறதால ஒரேயடியா எழுதிப் போடுறன். நான் படிச்ச டெக்னீஷியன் இல்ல, 20 வருசமா இதுகள நோண்டிக்கொண்டிருக்கிற ஆள், அவ்வளவுதான்.

முதல்ல நான் செய்த பிழையைச் சொல்லிட்டா மிச்சம் லேசா விளங்கும். எங்கட அம்மப்பா டொக்யார்ட்ல வேலை செய்தவர். வெள்ளைக்காரன் 1957ல நேவி பேஸ கையளிச்சிட்டுப் போகேக்க ஆரோ வித்துட்டுப் போன ரேடியோகிராம் ஒண்ட வாங்கினவராம், இது வீட்டுக் கதை, பில் ஒண்டும் இல்ல. ஒரு ஆள் படுக்கக்கூடிய நீளத்தில மரப்பெட்டி, மேல மூடியத் திறந்தா ஒரு பக்கம் ரேடியோ, மத்தப் பக்கம் தட்டுச் சுத்துற மெஷின், தட்டுகள அடுக்கி விட்டா ஒண்டு முடிய ஒண்டு தானா விழுற டைப். அம்மப்பா போன பிறகு அது கனகாலம் துணி மூடிக் கிடந்திச்சு. எனக்குக் கையில முதல் சம்பளம் வந்த புளுகத்தில, அம்மம்மாவுக்கு சப்ரைஸ் குடுப்பம் எண்டு ஒரு திருத்துற ஆளிட்டக் குடுத்தன். அவர் நல்ல மனுசன், நான் சொன்னதத்தான் செய்தார், "பாட்டு வந்தாக் காணும்" எண்டு நான்தானே சொன்னன். உள்ளுக்கிருந்த எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டு புது அம்ப் போர்ட், யூஎஸ்பி, புளூடூத் எல்லாம் போட்டு, வெளியால வார்னிஷும் அடிச்சுப் பளபளண்டு கொண்டுவந்து வச்சார். அம்மம்மாட பழைய பாட்டையே போட்டுவிட்டன். கதிரையில இருந்து முழுக்கக் கேட்டா. முடிய, "நல்லாயிருக்கு மகன், ஆனா அந்த 'டக்' எண்டு தட்டு விழுற சத்தம் எங்க?" எண்டு கேட்டா.

அவவுக்கு அம்மப்பாவ ஞாபகப்படுத்தினது பாட்டு இல்ல. ஒரு தட்டு முடிஞ்சு மத்தது விழுற அந்த ரெண்டு மூண்டு செக்கன், அதுக்குள்ள அவர் ஏதாவது நக்கல் கதை சொல்லுவாராம். அந்த மெஷின நான் பழைய இரும்புக்குக் குடுத்தாச்சு.

சரி, இப்ப விசயத்துக்கு வருவம். ஒரு சிஆர் கொப்பி எடுங்க. பெட்டியத் துடைக்கவும் வேணாம், பிளக்க குத்தவும் வேணாம், கொப்பிய மட்டும் எடுங்க. நடுவில கோடு போட்டு ஒரு பக்கம் "காசு", மத்தப் பக்கம் "ஞாபகம்" எண்டு எழுதுங்க.

ஞாபகப் பக்கத்தத்தான் முதல்ல நிரப்போணும், ஏனெண்டா காசுப் பக்கத்தில ஒரு இலக்கம் விழுந்திட்டா பிறகு மனம் அதுக்கு ஏத்த மாதிரிப் பொய் சொல்லத் தொடங்கும். "அப்பாட ஞாபகம்" எண்டு சும்மா எழுதினா செல்லாது. எதில அந்த ஞாபகம் ஒட்டியிருக்கெண்டு எழுதுங்க. மூடியத் திறக்க வாற அந்த மர வாசமா, வோலியம் திருகின இடத்தில தேஞ்சு போயிருக்கிற அடையாளமா, ஒரு குறிப்பிட்ட தட்டில அப்பா பேனையால எழுதின பேரா, ஊசி வைக்க முதல் வாற கரகர சத்தமா. வீட்டில இருக்கிற பெரிய ஆக்களிட்டயும் கேளுங்க, உங்களுக்கு ஒண்டாயிருக்கும், அவைக்கு வேறொண்டாயிருக்கும். நான் கேட்ட ஒரு வீட்டில, எல்லாரும் பிளேயரப் பத்தியே கதைக்க, அந்த வீட்டு மாமி மட்டும் தட்டு வைக்கிற தகரப் பெட்டியத்தான் கேட்டா. பிளேயர் வித்தாச்சு, தகரப் பெட்டி அவட அலுமாரிக்கு மேல இருக்கு, ஒருத்தருக்கும் மனக்குறை இல்ல.

இதில இன்னொரு விசயம். எங்கட ஊரில 83 கலவரம், 90 சண்டை, பிறகு 2004 சுனாமி எண்டு எல்லாத்துக்கும் தப்பி ஒரு ரெக்கோட் பிளேயர் மிஞ்சியிருக்கெண்டா அது உங்களுக்குப் பெரிய விசயம்தான், எனக்கும்தான். ஆனா கொழும்பில இருந்து வாங்க வாறவருக்கு அது விலை இல்ல. அவர் கேக்கிறது மொடல் என்ன, மோட்டர் ஓடுதா, ஊசி பூட்டியிருக்கிற ஆர்ம் நேரா இருக்கா, இதுதான். கடல் தண்ணிக்குள்ள கிடந்த மெஷின் எண்டா அதையும் மறைக்காமச் சொல்லுங்க, பெயரிங், ஸ்பிரிங் எல்லாத்திலயும் உப்பு ஏறியிருக்கும், அது முழுக்க ஞாபகப் பக்கத்துச் சாமான், காசுப் பக்கத்தில பூச்சியம்.

இனிக் காசுப் பக்கம். பெட்டியப் பாத்து விலை போடாதீங்க, மெஷினப் பாருங்க. பெரிய வடிவான தேக்குப் பெட்டிக்குள்ள சாதாரண மெஷின் இருக்கும், அசிங்கமான பெட்டிக்குள்ள தங்கம் இருக்கும். இங்கிலாந்தில பிஎஸ்ஆர் எண்ட கம்பெனி தட்டு தானா விழுற மெஷின்கள லட்சக்கணக்கில செய்து உலகம் முழுக்க இருக்கிற ரேடியோகிராம் கம்பெனிகளுக்கெல்லாம் குடுத்தது, எங்கட வீடுகள்ல கிடக்கிறதில கனக்க இந்த வகைதான், அதுக்குப் பெரிய விலை இல்ல. ஆனா அதே இங்கிலாந்தில ஸ்விண்டன்ல கரார்ட் கம்பெனி செய்த 301 எண்டு ஒண்டிருக்கு, 1950கள்ல வந்தது, பிறகு 1965ல 401. இது ரெண்டும் பாரமான வார்ப்பு உலோகத்தில செய்தது, ரேடியோ ஸ்டேஷன்கள்லயும் பாவிச்சவங்கள், இண்டைக்கும் உலகம் முழுக்கத் தேடுறாங்க. தொரன்ஸ் கம்பெனிட டிடி 124 மெஷினும் அப்பிடித்தான். பேர் கரார்ட் எண்டு இருந்தாலே குதிக்காதீங்க, அதே கரார்ட் மலிவு மெஷின்களும் கனக்கச் செய்தது, மொடல் இலக்கத்தப் பாக்கோணும். எழுபது எண்பதுகள்ல சவூதி, டுபாய் போனவங்க கொண்டுவந்த ஜப்பான் சாமான்கள்ல டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எண்டு கண்டா கவனம், 1972ல முதல் வந்தது, மாக் 2 1979ல. பெல்ட் இல்லாம மோட்டரே நேரடியாச் சுத்துற டைப், டிஸ்கோக்காரர் மிதிச்சும் சாகாத சாதி. 2010ல நிப்பாட்டி, ஆக்கள் விடாமக் கேட்டதால 2016ல திரும்பச் செய்யத் தொடங்கினவங்கள் எண்டா யோசிச்சுப் பாருங்க.

நேரா ஜப்பான்ல இருந்து வாற சாமான், அதே நேரம் கனடாவில இருக்கிற மாமா அனுப்புற சாமான், இது ரெண்டிலயும் கரண்ட் பிரச்சினை இருக்கு, இதில கனபேர் காசக் கரியாக்கிறாங்க. எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் (கரண்ட் செக்கனுக்கு எத்தின தரம் மாறுது எண்ட கணக்கு). கனடா 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஜப்பான் 100 வோல்ட், அதிலயும் கிழக்கு ஜப்பான் 50, மேற்கு 60. வோல்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கிப் போட்டுடலாம், ஹேர்ட்ஸ அந்த ட்ரான்ஸ்ஃபோமர் மாத்தாது. பழைய பெல்ட் டைப், ரப்பர் சில்லு டைப் மெஷின்கள்ல கன மோட்டர் அந்த ஹேர்ட்ஸப் பாத்துத்தான் ஓடுறது. 60க்குச் செய்தத 50ல குத்தினா ஆறில அஞ்சு பங்கு வேகம்தான் வரும், 33⅓ சுத்த வேண்டியது நிமிசத்துக்கு 27.8 சுத்தும். பெண் குரல் எல்லாம் தடிமன் பிடிச்ச ஆம்பிளக் குரல் மாதிரி இழுக்கும். சில மெஷினுக்கு 50 ஹேர்ட்ஸுக்கெண்டு மோட்டர்ல பூட்டுற கப்பி தனியா இருக்கு, கிடைச்சா தப்பினீங்க. கிடைக்காட்டி அத இஞ்ச கொண்டுவந்து இறக்கிற கூலியே வேஸ்ட். இங்கிலாந்து, ஜேர்மனி, அவுஸ்திரேலியாவில இருந்து வாறது எண்டா இந்தத் தலையிடி இல்ல, அங்கயும் 50தான்.

வேகம் சரியா எண்டு பாக்க மெஷின் ஒண்டும் வேணாம். பிளாட்டர்ல, அதாவது ரெக்கோட் வைக்கிற சுத்துற வட்டத்தில, ஒரு துண்டுக் கடதாசிய ஒட்டி, ஃபோன்ல 3 நிமிசம் வச்சு எண்ணுங்க, 33⅓ வேகத்தில சரியா 100 சுத்து வரோணும். 45 வேகம் எண்டா 135. ஒண்டு ரெண்டு வித்தியாசம் காதுக்குப் பெரிசாத் தெரியாது, நாலஞ்சு போச்செண்டா தெரியும்.

பிளக் குத்திறதப் பத்தி ஒரு எச்சரிக்கை, இத விளையாட்டா எடுக்காதீங்க. 30 வருசம் கிடந்த வால்வ் ரேடியோகிராம நேரா சுவரில குத்தினா உள்ளுக்கு காஞ்சு போன கபாசிட்டர் வெடிக்கலாம், ட்ரான்ஸ்ஃபோமர் எரியலாம், சில பழைய செட்டுகள்ல இரும்புச் சட்டத்திலயே கரண்ட் நிக்கும். வயசான ரேடியோ திருத்துற ஆக்களிட்ட சீரீஸ் பல்ப் எண்டு ஒண்டிருக்கும், பழைய குண்டு பல்ப் ஒண்ட இடையில போட்டுக் கரண்ட் குடுத்துப் பாப்பாங்க, உள்ள ஷோட் இருந்தா பல்ப் பளிச்செண்டு எரியும், செட் தப்பும். அந்த ஆளக் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்க. இல்லையெண்டா குத்தாதீங்க, சும்மா வடிவுக்கு இருக்கட்டும்.

திருத்தக் குடுக்க முதல் இன்னொரு வேலை, நான் செய்யாம விட்டது. மெஷின் கொஞ்சமாவது ஓடுதெண்டா ஃபோன பக்கத்தில வச்சு எல்லாச் சத்தத்தையும் பதியுங்க. மூடி கிறீச்சிடுறது, சுவிட்ச் தட்டுறது, மோட்டர் ஹம், தட்டு விழுறது, ஊசி கடைசி வளையத்தில உராய்றது எல்லாம். வீடியோவா எடுத்தா இன்னும் நல்லம். பிறகு திருத்துறவரிட்ட வாயால சொல்லாம ஒரு துண்டில எழுதிக் குடுங்க, கழட்டின எந்தச் சாமானையும் எறியக் கூடாது, ஒரு பையில போட்டுத் திரும்பத் தரோணும். உடைஞ்ச நொப் எண்டாலும் சரி.

மற்றபடி பழுது எண்டு பாத்தா கனதரம் ஒரே கதைதான், அதால பயப்பிட ஒண்டும் இல்ல. ரப்பர் பெல்ட் எங்கட வெக்கைக்கு உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும், துடைச்செடுத்துப் புதுசு போட்டாச் சரி. ரப்பர் சில்லு டைப் எண்டா, ஓஃப் பண்ணாம வருசக்கணக்கில அழுத்தின படியே விட்டிருந்தா சில்லில ஒரு பள்ளம் விழுந்து "டுக் டுக்" எண்டு அடிக்கும். தட்டு விழாம சிக்குதெண்டா உள்ளுக்கு இருக்கிற கிரீஸ் இறுகிப் பசையாப் போயிருக்கும், கழுவிப் புதுக் கிரீஸ் கொஞ்சமாப் பூசோணும். சமையல் எண்ணெய் விட்டுப் போடாதீங்க, சிரிக்காதீங்க, தேங்காயெண்ணெய் விட்ட மெஷின் நானே கண்டிருக்கிறன்.

ஊசிக்கு வருவம், ஏனெண்டா மெஷின விட பெறுமதியான தட்டுகள அழிக்கிறது இதுதான். பழைய சாதாரண மெஷின்கள்ல இருக்கிறது செரமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பூட்டியிருக்கிற சின்னக் கூடு), அது தட்டில 5 கிராம், சிலதில அதுக்கும் மேல அழுத்தும். இப்ப வாற சாதாரண மக்னட் கார்ட்ரிட்ஜ் 2 கிராம் சொச்சத்தில ஓடும். பாரம் பாக்க நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும், ஆனா தராசுத் தட்டு இரும்பெண்டா கார்ட்ரிட்ஜில இருக்கிற காந்தம் இழுத்துப் பொய்க் கணக்குக் காட்டும், ரெக்கோட் இருக்கிற உயரத்திலயே வச்சுப் பாக்கவும் வேணும். 78 தட்டுக்கும் (நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய தட்டு) எல்பிக்கும் (33⅓ சுத்துற பெரிய தட்டு) ஒரே ஊசி இல்ல, 78ல ஊசி ஓடுற பள்ளம் அகலம், அதுக்குரிய ஊசி மூண்டு நாலு மடங்கு மொத்தம். பழைய கார்ட்ரிட்ஜ் சிலதில ஒரு சின்னத் திருப்பி இருக்கும், ஒரு பக்கம் 78, மத்தப் பக்கம் எல்பி, அத மாத்தாமப் போட்டு எத்தின தட்டு போயிருக்கும். வைர ஊசி எண்டா பொதுவா 500 தொடக்கம் 1000 மணித்தியாலம் போகும். எல்பி ஒண்டு 40 நிமிசம் எண்டு வச்சா 500 மணித்தியாலம் எண்டுறது 750 தரம், ஞாயித்துக்கிழமைக்கு ஒண்டு கேக்கிற ஆளுக்கு 14 வருசம். அதால ஊசிக்குக் காசு செலவழிக்க யோசிக்காதீங்க, மெஷினுக்குச் செலவழிக்கத்தான் யோசிக்கோணும்.

இப்ப தட்டு. ரெண்டு பேர் என்னட்ட பெட்டி பெட்டியாத் தட்டுக் கொண்டுவந்து விலை கேட்டவங்க, ரெண்டும் லவுட்ஸ்பீக்கர் கடை தட்டுகள். அந்த நாளையில கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாத்துக்கும் வாடகைக்குப் போனது, இரும்பு ஊசியால நூறு தரம் இருநூறு தரம் உழுதது. வெளிச்சத்தில சரிச்சுப் பாத்தா கறுப்புப் பளபளப்பு இல்லாம சாம்பல் நிறமாத் தெரியும். காசுப் பக்கத்தில அதுக்கு இடம் இல்ல. ஆனா பத்ரகாளி அம்மன் கோயிலடியில அந்தத் தட்டுப் போட்ட ஆள்ட மகனுக்கு அது வேற கதை, அவர் எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு போய் ஒண்டையும் போட்டுக் கேக்காம சுவரில மாட்டியிருக்கிறார். சரிதானே.

விலை போறது எண்டா தமிழ்ல எண்பதுகளில எக்கோ லேபிள்ல வந்த இளையராஜா எல்பிகளத் தேடுற ஆக்கள் கனபேர் இருக்கிறாங்க, கீறல் இல்லாம, உறையும் கிழியாம இருந்தா பேரம் பேசலாம். உறையில பூஞ்சணம் எண்டா விலை பாதியாப் போகும். 78ல பொதுவா பழசு எண்டதுக்காக விலை வராது, இந்தியாவில 1960கள்லயும் 78 அடிச்சவங்கள், அதால அவ்வளவு பழசும் இல்ல.

கழுவுறதுக்கு டிஸ்டில்ட் வோட்டர், அதில ஒரு துளி பாத்திரம் கழுவுற லிக்விட், மெல்லிய துணி, வளையத்தோட சேத்து வட்டமாத் துடைக்கிறது, நடு லேபிள் நனையக் கூடாது. கடலோரக் கிணத்துத் தண்ணி வேணாம், காஞ்ச பிறகு உப்பு வளையத்துக்குள்ள நிக்கும். 78 தட்டுக்கு ஸ்பிரிட், அல்கஹோல் கிட்டயும் கொண்டுபோகாதீங்க, அது அரக்குத் தட்டு, ஸ்பிரிட்டில கரையும்.

வீட்டில பழசு ஒண்டும் இல்லாம, படத்தில பாத்து ஆசைப்பட்டுப் புதுசா வாங்க யோசிக்கிற பிள்ளையளுக்கும் ஒரு சொல்லு. சூட்கேஸ் மாதிரி, பழைய ஸ்டைல்ல, கலர் கலரா வாறத வாங்காதீங்க. உள்ளுக்கு இருக்கிறது அதே பாரமான செரமிக் ஊசி, சின்ன ஸ்பீக்கர். இல்லாத ஞாபகத்தக் காசுக்கு வாங்கிற மாதிரி, ரெண்டு வருசத்தில விக்கவும் ஏலாது. ஓடியோ டெக்னிக்கா எல்பி 60 மாதிரி சாதாரணமா ஒண்டு வாங்கினா போனோ ப்ரீஅம்ப் (ஊசியில இருந்து வாற சின்னச் சிக்னலப் பெருப்பிக்கிறது) உள்ளுக்கே இருக்கு, ஓக்ஸ் (AUX) ஓட்டை இருக்கிற எந்த செட்டிலயும் குத்தலாம். பழைய நல்ல மெஷின் வாங்குறீங்களெண்டா ப்ரீஅம்ப் தனியா வேணும், மக்னட் கார்ட்ரிட்ஜில வாறது சில மில்லிவோல்ட் தான், நேரா அம்பில குடுத்தா நுளம்பு பாடின மாதிரி இருக்கும். எர்த் வயரப் பூட்ட மறந்திட்டு "ங்ங்" எண்டு ஹம் அடிக்குது எண்டு மெஷினையே திருப்பிக் குடுத்த ஆளும் இருக்கிறார்.

சத்தம் உண்மையிலயே நல்லமா எண்டு கேப்பீங்க. காசுக்கு எவ்வளவு நல்ல சத்தம் எண்டு மட்டும் பாத்தா ஃபோனும் ஒரு நல்ல ஸ்பீக்கரும் வெல்லும், இதில சண்டை பிடிக்க நான் வரல்ல. ஆனா பழைய தமிழ்ப் பாட்டுகளில ஒரு விதிவிலக்கு இருக்கு, ஒன்லைன்ல கிடக்கிற கன பாட்டு ஆரோ ஒராள் தேஞ்ச தட்டில இருந்து எடுத்து, இரைச்சல எடுக்கிறன் எண்டு குரல்ட உயிரையும் எடுத்து வச்சது. உங்கட வீட்டு ஈபி (சின்னத் தட்டு) கீறல் இல்லாம இருந்தா அத விட நல்லா இருக்க வாய்ப்பிருக்கு. அதுக்காகவே ஒரு சாதாரண புது டேர்ன்டேபிள் வாங்கி, கம்ப்யூட்டர்ல ஒடாசிட்டி மாதிரி இலவச புரோகிராம் ஒண்டில பதிஞ்சு வெளிநாட்டில இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்பலாம், கரகர சத்தத்தத் துடைக்காம அனுப்புங்க.

கடைசியாக் கொப்பிய எடுத்து ரெண்டு பக்கத்தையும் பாருங்க. காசுப் பக்கம் கனம், ஞாபகப் பக்கம் வெறுமை எண்டா வித்துப்போடுங்க, குற்ற உணர்ச்சி வேணாம், 301 ஒண்ட பூச்சி அரிக்க விடுறத விட ஓட வைக்கிற ஒராளிட்டப் போறது நல்லம். ஞாபகம் கனம், காசு வெறுமை எண்டா அதுக்குப் பெரிசா செலவழிக்காதீங்க, ஞாபகம் ஒட்டியிருக்கிற துண்டக் காப்பாத்துறதுக்கு மட்டும் செலவழிங்க, மிச்சத்தப் புதுசால நிரப்புங்க. ரெண்டும் கனம் எண்டாத்தான் கஷ்டம், அப்ப ஒரு வருசம் ஒண்டும் செய்யாம விடுங்க, இந்த மெஷின்கள் பொறுமையானது. உவர்மலைத் தம்பிக்கு ஞாபகப் பக்கத்தில ஒரே ஒரு வரிதான் வந்தது, அப்பப்பா தட்டுக்கு மேல சுத்துற ஒரு சின்ன ரப்பர் ஆனைய வச்சு இவருக்குச் சோறு தீத்தினவராம். ஆனை இன்னும் அவரிட்ட இருக்கு, பிளாட்டரும் சுத்துது. பிளேயர வித்தா வாறது ஒரு நல்ல சைக்கிள் டயர் சோடிக்குக் காணும், அவருக்கு ஒண்டரை வயசில மகள் ஒண்டு இருக்கிறா. பெல்ட் மட்டும் மாத்தினம்.

கொழும்புக்கு அனுப்பித் திருத்துறதெண்டாலோ விக்கிறதெண்டாலோ, பிளாட்டரக் கழட்டித் தனியாச் சுத்துங்க, ஆர்ம கட்டுங்க, ஊசிய எடுத்துச் சட்டைப் பையில வைங்க. பஸ்ல மேல ரக்கில போட்டா ஹபரண தாண்ட முதலே பெயரிங் அடி வாங்கும். இரவு ட்ரெயின்ல மடியில வச்சுக்கொண்டு போறதுதான் நல்லம், பாரமெண்டாக் காலடியில.

வீட்டில வைக்கிறவங்க, கச்சான் அடிக்கிற மாசங்கள்ல தட்டப் பத்திக் கவனம், ஜன்னல் வெயில் ஒரு மத்தியானம் பட்டாலே வளைஞ்சிடும். வாடை தொடங்கினா பூஞ்சணம். அதால ஐப்பசி முடிய முதல் கீழ் அடுக்கில இருக்கிற ரெக்கோட் எல்லாத்தையும் அலுமாரியில மேல ஏத்திப் போடுங்க, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா பை நாலஞ்ச இடையில செருகி, படுக்க வைக்காம நிமித்தி, இறுக்காம.